அவர்களும் மகளும்

உறையின் மேல் தபால்தலை இல்லை.

டீச்சர் முதலில் கவனித்தது அதைத்தான். பிறகு உறையைத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். கனமான காகிதம், ஓரத்தில் மெல்லிய தங்கக் கோடு. நடுவில் கறுப்பு மையில் எழுதிய முகவரி. அச்சுதானோ என்று சந்தேகப்படும் அளவுக்கு அழகான கையெழுத்து.

"கதவுக்கு அடியில கிடந்துச்சு," என்றார் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்த பெரியவர். வீட்டில் நாற்காலி ஒன்றுதான். அதை டீச்சருக்குக் கொடுத்துவிட்டார். வாழ்நாளில் பாதியைச் சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் கழித்தவர் என்பதால் அந்தக் குடியிருப்பில் அவரைக் கப்பல்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட நேர்ந்தால்.

சுவரில் சாய்ந்து நின்ற ரேடியோ எட்டிப் பார்த்தான். ரேடியோ, டீச்சரின் உதவியாளன். ஏன் அந்தப் பெயர் என்று யாரும் கேட்டதில்லை, அவன் கேட்க இடம் கொடுத்ததுமில்லை. டீச்சர் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவர். துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகும் அழைப்பு மாறவில்லை.

"கல்யாணப் பத்திரிகை. இதுல என்ன சார் வில்லங்கம்?" என்றான் ரேடியோ. "வர்ற ஞாயித்துக்கிழமை வேற. எனக்கெல்லாம் வந்தா வியாழக்கிழமையிலேர்ந்தே பட்டினி கிடப்பேன்."

"மேல எழுதியிருக்கறதைப் படிங்க தம்பி."

ரேடியோ படித்தான். முதலில் பெரியவரின் பெயர். அடுத்து, 'அவர்களும் மகளும்'.

"எனக்கு மகள் இல்ல," என்றார் கப்பல்காரர். "கல்யாணமே ஆகல. இந்தக் கல்யாண வீட்டுக்காரங்களையும் தெரியாது. சரி, தப்பா வந்துடுச்சு போல, உரியவங்ககிட்ட சேர்க்கச் சொல்லலாம்னு பத்திரிகையில இருந்த நம்பருக்குப் போன் பண்ணினேன். பொண்ணோட அப்பா பேசினார். கவர்மேல 'மகளும்'னு இருக்குன்னு சொன்னேன். அவ்வளவுதான். 'யார் உன்னை ஏவிவிட்டாங்க, இன்னொரு தடவை கூப்பிட்டா போலீஸ்ல சொல்லிடுவேன்'னு போனை வெச்சுட்டார்."

"போலீஸுக்குப் பயந்தா எங்களைக் கூப்பிட்டீங்க?" என்றார் டீச்சர்.

"இல்ல. எனக்கு யாரும் எதுவும் எழுதறதில்ல. கரண்ட் பில் வரும், அது மெஷின் அடிக்கறது. இதை யாரோ உட்கார்ந்து, கையால, நிதானமா எழுதியிருக்காங்க. யாரை மனசுல வெச்சு எழுதினாங்கன்னு தெரியணும். அவங்க நெனச்ச ஆளு நான் இல்லன்னா, அதையும் தெரிஞ்சுக்கிட்டா நிம்மதி."

டீச்சர் எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து, வெளியே இருந்த பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு வந்தார். மேசைமேல் இருந்த கரண்ட் பில்லையும் எடுத்துப் பார்த்தார்.

"உங்க பேரு 'நா'வுல ஆரம்பிக்குதா, 'ஞா'வுலயா?"

பெரியவர் நிமிர்ந்தார். "ஞா. ஏன் கேக்கறீங்க?"

"பலகையில 'நா'ன்னு இருக்கு. பில்லுலயும் 'நா'. இந்தக் கவர்ல மட்டும்தான் 'ஞா'."

"கப்பல் கம்பெனில சேர்ந்த அன்னிக்கு கிளார்க் தப்பா எழுதிட்டான். அதுக்கப்புறம் எல்லாக் காகிதமும் அதைப் பார்த்தே எழுதினதுதான். திருத்தறதுக்கு யார் பின்னாடி அலையறதுன்னு விட்டுட்டேன். கப்பலுக்குப் போறதுக்கு முன்னால என்னைத் தெரிஞ்சவங்களுக்குத்தான் அது 'ஞா'. அவங்கள்ல இப்ப யாரும் இல்ல."

"யாரோ ஒருத்தர் இருக்காங்க," என்றார் டீச்சர். "சமீபத்துல வெளியாள் யாராவது இங்க வந்தாங்களா?"

"இங்க யார் வர்றா. ஆங், ஒரு பொண்ணு வந்துச்சு. முப்பதுக்கு மேல இருக்கும். வாடகைக்கு வீடு இருக்கான்னு கேட்டுச்சு. இல்லன்னேன். வெயில்ல வந்திருக்கேன்னு தண்ணி கொடுத்தேன். குடிச்சிட்டுப் போயிடுச்சு."

டீச்சர் உறையைக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

---

கல்யாண வீட்டில் சாப்பாட்டு மேசை முழுவதும் உறைகள் பரவிக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் மணப்பெண்ணின் அத்தை. பெண்ணுக்கு அம்மா இல்லாததால் வீட்டின் ஆட்சி முழுக்க அவருடையது.

டீச்சர் நீட்டிய உறையை வாங்கிப் பார்த்ததும் அத்தையின் முகம் கறுத்தது.

"கவர் எங்களோடதுதான். எழுத்தும் கடைக்காரங்க எழுதினதுதான். ஆனா இப்படி எழுத நான் சொல்லவே இல்ல. மூணே விதம்தான் சொல்லிக் கொடுத்தேன். தம்பதியா இருந்தா 'திருவாளர், திருமதி'. பிள்ளைகுட்டியோட வரணும்னா 'குடும்பத்தினர்'. ஒத்தையா இருக்கறவங்கன்னா 'திரு' போட்டு, பேரு. உறவை மட்டும் கவர்மேல எழுதவே கூடாது. 'மகனும்'னு எழுதினா மருமக கேப்பா, நான் என்ன தொக்கான்னு. 'மகளும்'னு எழுதினா மாப்பிள்ளை முகத்தைத் தூக்கிவெச்சுக்குவார்."

"ஒத்தையா இருக்கறவங்களுக்கு வெறும் பேருதானா மேடம்?" என்றான் ரேடியோ. "கூட ஒரு 'அவர்கள்' போட்டா மை தீர்ந்துடுமா? எங்களுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கு."

"உங்களுக்குப் பத்திரிகை வெச்சதா எனக்கு ஞாபகம் இல்லையே."

"சும்மா, பொதுவாச் சொன்னேன்."

பெண்ணின் அப்பா உள்ளேயிருந்து வந்தார். மருந்து மொத்த வியாபாரி. உறையைப் பார்த்தவர், டீச்சரை மட்டும் பால்கனிக்குக் கூப்பிட்டார். ரேடியோவும் பின்னாலேயே போய், தொட்டிச் செடியைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டான்.

"அந்த ஆளு என்ன கேக்கறார்?"

"இதை எழுதினது யாருன்னு கேக்கறார். வேற எதுவும் கேக்கல."

வியாபாரி கம்பியைப் பிடித்துக்கொண்டார். "என் பொண்ணை நாங்க தத்து எடுத்தோம். அது அவளுக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கும் தெரியும். மாப்பிள்ளையோட அம்மாவுக்குத் தெரியாது. பெத்தவங்க யாருன்னு எனக்கே தெரியாது. இத்தனை வருஷம் கழிச்சு, கல்யாணத்துக்கு முன்னால, ஒரு ஆளு போன் பண்ணி மகள்னு ஆரம்பிச்சா நான் என்ன நெனைப்பேன்? அவர்தான் பெத்தவரா? கல்யாணத்தன்னிக்கு வாசல்ல வந்து நிப்பாரா?"

குரல் அதட்டலாகத்தான் தொடங்கியது. முடியும்போது கெஞ்சலாக இருந்தது.

"சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்," என்றார் டீச்சர்.

படியிறங்கும்போதே ரேடியோ முடிவுரையை ஆரம்பித்துவிட்டான். "கேஸ் முடிஞ்சுது டீச்சர். பொண்ணு எப்படியோ பெத்த அப்பாவைக் கண்டுபிடிச்சிருக்கா. வீட்ல சொல்ல பயம். சத்தமில்லாம ஒரு பத்திரிகையைக் கதவுக்கு அடியில தள்ளியிருக்கா. நாம வீட்டுக்குப் போகலாம். வழியில ஒரு டீ."

"கல்யாணப் பொண்ணுக்கு யாராவது பத்திரிகை வைப்பாங்களா?"

"மாட்டாங்க. அவளுக்குத்தானே கல்யாணமே."

"அப்புறம்? கவர்ல என்ன எழுதியிருக்கு? அவரும் வரணும், மகளும் வரணும். மேடையில நிக்கப்போற இவளே அந்த மகள்னா, அவளை எங்கேயிருந்து அழைக்கறாங்க? இந்த மகள் வெளியிலேர்ந்து வரவேண்டியவ. அவர் கூட வரவேண்டியவ. தனியா அவளுக்கு ஒரு அழைப்பு இல்ல."

ரேடியோ நின்றுவிட்டான். "அப்ப யாரு?"

"கவரும் பத்திரிகையும் யார் கையில இருந்துச்சோ அவங்க. அதே கையெழுத்துல எழுதத் தெரிஞ்சவங்க." டீச்சர் செல்போனை எடுத்து மருந்து வியாபாரியைக் கூப்பிட்டு, பயப்படத் தேவையில்லை என்பதை நாலு வரியில் சொன்னார். மறுமுனை, "அந்தப் பெரியவர்கிட்ட நான் மன்னிப்பு கேட்டதாச் சொல்லுங்க," என்றது.

---

அழைப்பிதழ்க் கடையின் மாடியில் நீண்ட மேசை ஒன்று. அதன் இரு பக்கமும் பெண்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பேனா முனைகள் காகிதத்தில் உரசும் சத்தமும் மின்விசிறிச் சத்தமும் தவிர வேறு பேச்சில்லை. சூப்பர்வைசர் வாசலிலேயே மறித்தார்.

"யாருக்குக் கல்யாணம்?"

"எனக்குத்தான்," என்றான் ரேடியோ.

"பொண்ணு வீட்டுப் பேரு?"

"பொண்ணு இன்னும் முடிவாகல. கவர் ரெடியா இருந்தா பாதி வேலை முடிஞ்ச மாதிரி இல்லையா?"

சூப்பர்வைசர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பைத்தியமானாலும் வாடிக்கையாளர் என்று நினைத்தாரோ என்னவோ, மாதிரிகளை எடுத்துப் போட்டார். ரேடியோ ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து, இது ரொம்பப் பளபளப்பு, இது துக்கச் செய்தி மாதிரி இருக்கு என்று வளர்த்துக்கொண்டே போனான்.

அந்த நேரத்தில் டீச்சர் மேசை ஓரமாக நடந்தார். ஒவ்வொரு பெண்ணின் முன்னாலும், எழுதி முடித்த உறைகளைப் போடும் பெட்டி இருந்தது. பெட்டியில் எழுதியவரின் பெயர்ச்சீட்டு. பெயருக்கு முன்னால், அப்பாவின் பெயரைக் குறிக்கும் ஒற்றை எழுத்து. க. அடுத்த பெட்டியில் மு. அதற்கடுத்து சு. இன்னொரு க.

மேசையின் கடைசியில், ஜன்னலை ஒட்டிய பெட்டியில், ஞா.

அந்த எழுத்தில் தொடங்கும் பெயர்கள் ஊரில் எத்தனை இருந்துவிடப் போகின்றன? டீச்சர் அங்கேயே நின்றார். எழுதிக்கொண்டிருந்த பெண் தலையைத் தூக்கினாள். முப்பதைத் தாண்டிய வயது, நடுவிரலில் காய்ந்த மை. டீச்சர் கைப்பையிலிருந்து உறையை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

அவள் பேனாவை மூடினாள்.

"வெளியில பேசலாமா?" என்றாள்.

கடைக்குப் பின்புறம் இரும்புப் படிக்கட்டு இருந்தது. அங்கே போய் நின்றதும் அவளே ஆரம்பித்தாள். "கவர் ஒண்ணு எடுத்தேன். பத்திரிகையும் ஒண்ணு. எழுதும்போது கெட்டுப்போச்சுன்னு கணக்குச் சொல்லிட்டேன். கம்ப்ளைண்ட் வந்திருக்கா? வேலை போயிடுமா?"

"நாங்க கடைக்காக வரல. அவர் அனுப்பினார்."

அவள் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கோவமா இருக்காரா?"

"இல்ல. யாரை நெனச்சு எழுதினீங்கன்னு கேட்டார்."

அவள் சொல்லத் தொடங்கியதும், பல நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்ததைச் சொல்வதுபோல் வரிசையாக வந்தது.

"அம்மா தையல் வேலை செஞ்சாங்க. அவர் கப்பலுக்குப் போயிட்டு வந்ததும் கல்யாணம்னு ரெண்டு பேரும் பேசி வெச்சிருந்தாங்களாம். அவர் போனப்புறம்தான் நான் வரப்போறது அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. தாத்தா வீட்டைக் காலி பண்ணி அம்மாவை வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். அம்மா கப்பல் கம்பெனிக்கு லெட்டர் போட்டாங்க. 'இந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல'ன்னு திரும்பி வந்துச்சு. மறுபடி போட்டாங்க. அதுவும் வந்துச்சு. பேரைக்கூட பொய்யாச் சொல்லிட்டுப் போயிட்டார்னு அம்மா முடிவு பண்ணிட்டாங்க."

"கம்பெனியில அவரை 'நா'ன்னு எழுதியிருந்தாங்க," என்றார் டீச்சர்.

"இப்பத்தான் தெரியும். அம்மா 'ஞா'ன்னுதான் எழுதியிருப்பாங்க. அவர் சொன்னபடி." அவள் விரலில் இருந்த மையைத் தேய்த்தாள். "பொய்ப் பேருன்னு நெனச்சாங்களே, அப்படியும் என்னை ஸ்கூல்ல சேர்க்கறப்போ அந்த எழுத்தைத்தான் முன்னால போட்டாங்க. அப்பா யாருன்னு கேட்டா சொல்ல மாட்டாங்க. இன்ஷியலை மாத்தறேன்னு சொன்னா மட்டும் விட மாட்டாங்க. போன வருஷம் உடம்புக்கு முடியாம படுத்தப்போதான் எல்லாம் சொன்னாங்க. அவங்க போனப்புறம் கப்பல் தொழிலாளர் சங்கத்துக்குப் போனேன். அந்தப் பேர்ல யாரும் இல்லன்னாங்க. கிளம்பிட்டேன். அங்க ஒரு வயசான ஆளு கூப்பிட்டு, 'ஞா'வுல இல்லம்மா, 'நா'வுல ஒருத்தர் இருக்கார், எஞ்சின் ரூம்ல இருந்தவர், போய்ப் பாருன்னு அட்ரஸ் கொடுத்தார்."

"போய்ப் பார்த்தீங்க."

"அப்பான்னு கூப்பிடலாம்னுதான் படியேறினேன். கதவைத் திறந்ததும் வாடகைக்கு வீடு இருக்கான்னு வாயில வந்துச்சு. தண்ணி கொடுத்தார். வீட்ல டம்ளர் ஒண்ணுதான் இருந்துச்சு. அவர் குடிச்சு வெச்சிருந்ததைத் திரும்பத் திரும்பக் கழுவி எனக்குக் கொடுத்தார். அதைப் பார்த்தப்புறம் என்னால எதுவும் சொல்ல முடியல."

கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். கிளம்பவில்லை.

"நாள் முழுக்க இதையேதான் எழுதறேன். அவர், அவர் மனைவி. அவர், அவர் குடும்பம். எல்லாப் பேருக்கும் பக்கத்துல யாரோ ஒருத்தர் இருக்காங்க. வேலை முடிஞ்சு ரூமுக்குப் போனா பக்கத்துல சுவர்தான். அந்தக் கல்யாணக் கவரை எழுதிட்டிருந்தப்போ, இதுல ஒண்ணை அவருக்கு எழுதினா என்னன்னு தோணுச்சு. எப்படி எழுதறதுன்னுதான் தெரியல. 'அப்பாவுக்கு'ன்னு எழுதலாம்னு பார்த்தேன். யாரோ என்னமோன்னு பயந்துடுவார். 'திரு' போட்டுப் பேரை மட்டும் எழுதினா, நீங்க தனி ஆளுன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும். அதான் கூட 'மகளும்'னு சேர்த்தேன். எழுதி முடிச்சு ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தேன். முதல் தடவையா யாரோ என்னை எங்கேயோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு."

"நாங்க வராம இருந்து, ஞாயித்துக்கிழமை கல்யாணத்துக்கு அவர் வந்திருந்தா?" என்று கேட்டான் ரேடியோ. அவன் குரல் அவனுடையது போலவே இல்லை.

"வாசல்ல நின்னிருப்பேன். அவர் தனியாத்தான் வருவார். பக்கத்துல போய் நடந்திருப்பேன். உள்ள போற வரைக்கும் பார்க்கறவங்க அப்பாவும் பொண்ணும்னு நெனச்சிருப்பாங்க. அதுக்கு மேல யோசிக்கல." அவள் எழுந்தாள். "அவர்கிட்ட சொல்லிடுங்க. என்னைப் பார்க்க அவர் வரலன்னாலும் பரவாயில்ல."

---

கப்பல்காரர் முழுவதையும் நின்றுகொண்டே கேட்டார். லெட்டர் திரும்பிப் போன இடத்தில் மட்டும் டீச்சரை நிறுத்தி, இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

"நான் திரும்பி வந்தப்போ அவங்க வீடு பூட்டிக் கிடந்துச்சு," என்றார். "பக்கத்துல கேட்டேன். பொண்ணுக்கு வேற இடத்துல முடிச்சிட்டாங்கன்னு சொன்னாங்க. சரி, நல்லா இருக்கட்டும்னு அடுத்த கப்பல்ல ஏறிட்டேன்." பிறகு, "அவ இப்ப இல்லையா?"

"இல்ல. போன வருஷம்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இத்தனை காலம் எங்கோ நன்றாக இருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தவள், அந்த ஒரு நிமிடத்தில்தான் அவருக்கு இறந்துபோனாள். அழுத மாதிரித் தெரியவில்லை. தோள் மட்டும் இறங்கியிருந்தது. டீச்சர் அவசரப்படுத்தவில்லை. ரேடியோ சமையலறைப் பக்கம் போய் வெறுமனே நின்றான்.

"அந்தப் பொண்ணு என் வீட்டு வாசல்ல வந்து நின்னு இடம் இருக்கான்னு கேட்டிருக்கு," என்றார் பெரியவர். "இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

பிறகு அலமாரியைத் திறந்து தேய்த்த சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். கழற்றிவிட்டு வேறொன்றைப் போட்டுக்கொண்டார். ஆட்டோவில் ஏறியதும் தொடை மேல் கைகளை வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தார்.

"எப்படிப் பேசறது அவகிட்ட? வாங்கன்னு சொல்லணுமா, வான்னு சொல்லணுமா?"

ரேடியோ ஏதோ சொல்ல வாயெடுத்து, டீச்சரைப் பார்த்தான். "அது உங்க வீட்டு விஷயம் சார்," என்றான் மெதுவாக.

கடை மாடியில் மதிய உணவு நேரம் தொடங்கியிருக்கவில்லை. பெண்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். கப்பல்காரர் வாசலில் நின்றார். கடைசி இருக்கையில் இருந்தவள் அவரைப் பார்த்ததும் எழுந்தாள். நாற்காலி பின்னால் சரிந்தது. அதை நிமிர்த்திவிட்டுத்தான் வந்தாள். இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். உயரம் ஒன்றுபோல இருந்தது. நெற்றியும்.

"நீங்க..." என்று தொடங்கி அவர் நிறுத்திவிட்டார்.

"நீ சாப்பிட்டியாம்மா?"

"இன்னும் இல்ல."

"நானும் இல்ல."

அவள் சூப்பர்வைசரிடம் போனாள்.

"எனக்கு இன்னிக்கு மத்தியானம் லீவு வேணும்."

"இந்த சீசன்லயா? எத்தனை ஆர்டர் நிக்குது தெரியுமில்ல? என்ன விஷயம்?"

"அப்பா வந்திருக்காங்க."

மேசையில் பேனாக்கள் நின்றன. அவளுக்கு யாரும் இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சூப்பர்வைசர் வாசலில் நின்ற பெரியவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "போயிட்டு வா," என்றார்.

தெருவின் மறுபக்கத்திலிருந்து டீச்சரும் ரேடியோவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் மகளும் கடையிலிருந்து இறங்கி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஒரு நிமிடம் நின்று, பிறகு இடது பக்கம் திரும்பி நடந்தார்கள். பேசிக்கொள்ளவில்லை. ஒட்டியும் நடக்கவில்லை. இருவருக்கும் நடுவில் இன்னொருவர் நடந்து வரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.